புதைத்த எஃகுக் குழாயைப் பாக்டீரியா அரிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்ணுக்குள் கிடக்கும் குழாய் துருப்பிடிக்கும் என்று சொன்னால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. அதில் பாக்டீரியாவுக்கும் பங்கு உண்டு என்று சொன்னதும்தான் கேள்விகள் வரிசையாக வருகின்றன. எரிவாயு, கச்சா எண்ணெய், டீசல், குடிநீர் என்று குழாய் சார்ந்த வேலையில் இருப்பவர்களும், உலோகவியலும் வேதியியலும் படிக்கும் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். சிலவற்றுக்கு நாலு வரி போதும். சிலவற்றுக்கு நடந்த கதையைச் சொன்னால்தான் விளங்கும்.

பாக்டீரியா இரும்பைத் தின்னுமா?

கறையான் மரத்தைத் தின்பதுபோல் தின்பதில்லை. இரும்பு அரிவது ஒரு மின்வேதி வினை. இரும்பு அணு தன்னிடமுள்ள இரண்டு எலக்ட்ரான்களை விட்டுவிட்டு ஈரத்தில் கரைகிறது. விட்ட எலக்ட்ரானை வாங்கிக்கொள்ள யாராவது இருக்க வேண்டும். வாங்க ஆளில்லை என்றால் கரைவதும் நின்றுபோகும். காற்றுப்படும் இடத்தில் வாங்கிக்கொள்வது ஆக்சிஜன். அமிலம் இருக்கும் இடத்தில் ஹைட்ரஜன் அயனி.

பாக்டீரியா இந்தக் கொடுக்கல் வாங்கலுக்குள் புகுந்துகொள்கிறது. சில இனங்கள் எலக்ட்ரானைத் தாமே வாங்கிக்கொள்கின்றன. சில, வாங்கக்கூடிய வேதிப்பொருளை உண்டாக்கிக் கொடுக்கின்றன. இன்னும் சில, எஃகின் மேல் இயல்பாகப் படியும் காப்புப் படலத்தைக் கலைத்துவிடுகின்றன. ஆகவே 'பாக்டீரியா அரிப்பு' என்று தனியாக ஒரு வகை அரிப்பு கிடையாது. ஏற்கெனவே நடக்கக்கூடிய அரிப்பை ஓரிடத்தில் குவித்து வேகமாக்குகிறது, அவ்வளவுதான். நுண்ணுயிர்களின் தாக்கத்தால் வரும் அரிப்பு என்ற பொருளில் துறைக்காரர்கள் இதை 'எம்.ஐ.சி.' என்று சுருக்கிச் சொல்வார்கள்.

ஆக்சிஜனே எட்டாத ஆழத்தில் இரும்பு எப்படித் துருப்பிடிக்கும்?

நூறு வருடத்துக்கு முன்னால் பொறியாளர்களைக் குழப்பிய கேள்வி இது. நெதர்லாந்தின் தாழ்நிலங்களில் எப்போதும் நீர் தேங்கிய களிமண். காற்று புகாது. ஏட்டுக் கணக்குப்படி அங்கே புதைத்த வார்ப்பிரும்புக் குழாய் பத்திரமாக இருந்திருக்க வேண்டும். தோண்டிப் பார்த்தபோது குழாய் வடிவம் மாறாமல் அப்படியே இருந்தது. ஆனால் கத்தியால் சீவினால் சீவிக்கொண்டு வந்தது. இரும்பு கரைந்துபோய், வார்ப்பிரும்பில் கலந்திருந்த கிராஃபைட் மட்டும் குழாயின் உருவில் மிஞ்சியிருந்தது.

1934-ல் ஃபான் வோல்சோகன் கூர், ஃபான் டெர் ஃப்லுக்ட் என்ற இரு டச்சு ஆய்வாளர்கள் இதற்கு விளக்கம் சொன்னார்கள். சல்ஃபேட்டை 'சுவாசித்து' வாழும் பாக்டீரியா அந்த மண்ணில் இருக்கிறது, ஆக்சிஜன் செய்யவேண்டிய வேலையை அது செய்துவிடுகிறது என்றார்கள். அந்தப் பாக்டீரியா புதிதல்ல. டெல்ஃப்ட் நகரில் பெயெரிங்க் 1895-லேயே அதைக் கண்டுபிடித்திருந்தார். இரும்போடு அதற்கிருந்த தொடர்புதான் பின்னால் தெரியவந்தது.

நம் ஊரில் ஏரி தூர்வாரும்போது அடியிலிருந்து கருஞ்சேறு வரும், அழுகிய முட்டை நாற்றம் மூக்கில் ஏறும் அல்லவா? அந்தக் கருமை இரும்பு சல்ஃபைடு, அந்த நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. இரண்டுமே இந்தக் குடும்பத்துப் பாக்டீரியாவின் கைவேலை. குழாய்ச் சுவரிலும் நடப்பது அதுதான்.

எந்தெந்த நுண்ணுயிர்கள் இதில் சேர்த்தி?

பெயர் அதிகம் அடிபடுவது சல்ஃபேட் ஒடுக்கும் பாக்டீரியா. வேலைத்தளத்தில் 'எஸ்.ஆர்.பி.' என்றால் எல்லோருக்கும் புரியும். டெசல்ஃபோவிப்ரியோ இதில் பிரபலமான பேரினம். அடுத்து, அசெட்டிக் அமிலம் போன்ற கரிம அமிலங்களைச் சுரக்கும் பாக்டீரியா. பிறகு கேலியோனெல்லா போன்ற இரும்பை ஆக்சிஜனேற்றம் செய்பவை. தண்ணீர்க் குழாயின் உள்சுவரில் செம்பழுப்புக் கட்டிகளாகக் குமிழ்ந்து நிற்பதில் இவற்றுக்குப் பங்குண்டு. மீத்தேன் உண்டாக்கும் மெத்தனோஜென்களும் உண்டு. அவை பாக்டீரியா அல்ல, ஆர்க்கியா என்ற தனி வகை.

இவற்றைத் தனித்தனியாகப் பட்டியல் போட்டுப் படிப்பது பரீட்சைக்கு உதவும். குழாய்ச் சுவரில் இவை கூட்டுக்குடித்தனம் செய்கின்றன. மேலடுக்கில் இருப்பவை மிச்சமுள்ள ஆக்சிஜனைத் தின்று தீர்க்கும். அதனால் அடியில் காற்றில்லாத அறை கிடைக்கும், எஸ்.ஆர்.பி. அங்கே குடியேறும். ஒன்று கழித்த கரிம அமிலம் இன்னொன்றுக்குச் சாப்பாடு. இந்தக் குடியிருப்புக்குத்தான் உயிர்ப்படலம், அதாவது பயோஃபிலிம் என்று பெயர். ஆற்றங்கரைக் கல்லில் கால் வைத்தால் வழுக்குமே, அந்த வழவழப்பும் ஒரு உயிர்ப்படலம்தான்.

படலம் சுவர் முழுவதும் சீராகப் படியாது, திட்டுத் திட்டாகப் படியும். திட்டுக்கு அடியில் ஒரு வேதியியல், திட்டுக்கு வெளியே வேறொரு வேதியியல். ஒரே எஃகுச் சுவரில் இப்படி ஏற்றத்தாழ்வு வந்துவிட்டால் திட்டுக்கு அடியிலிருக்கும் பகுதி கரையும். அதனால்தான் குழாய் முழுக்க மெலியாமல் அங்கங்கே குழி விழுகிறது. குழாயின் எடையில் நூற்றில் ஒரு பங்குகூடக் குறைந்திருக்காது, ஆனால் ஓர் இடத்தில் ஊசி நுழையும் ஓட்டை விழுந்திருக்கும்.

எஸ்.ஆர்.பி. சரியாக என்னதான் செய்கிறது?

இதில் தொண்ணூறு வருடமாக விவாதம் நடக்கிறது. டச்சுக்காரர்கள் சொன்னது இது: இரும்பு விட்ட எலக்ட்ரானை ஹைட்ரஜன் அயனி வாங்கி, ஹைட்ரஜனாக எஃகின் மேல் ஒட்டிக்கொள்கிறது. அது அங்கேயே இருந்தால் அரிப்பு மந்தமாகும். பாக்டீரியா அதை எடுத்துச் சாப்பிட்டுவிடுவதால் வினை ஓடிக்கொண்டே இருக்கிறது. அவர்களின் கணக்குப்படி நாலு இரும்பு அணு கரைந்தால் ஒன்று சல்ஃபைடாகும், மூன்று ஹைட்ராக்சைடாகும். அழகான கணக்கு. ஆனால் களத்தில் கிடைக்கும் படிவுகள் எப்போதும் இந்த விகிதத்துக்குள் அடங்குவதில்லை. ஹைட்ரஜனை எடுத்துவிடுவதால் மட்டுமே அவ்வளவு வேகம் வரும் என்றும் நிறுவ முடியவில்லை.

இரண்டாவது விளக்கம் எளிமையானது. பாக்டீரியா வெளியிடும் ஹைட்ரஜன் சல்ஃபைடு இரும்போடு நேராக வினைபுரிந்து இரும்பு சல்ஃபைடாகப் படிகிறது. அந்தப் படிவு மின்சாரம் கடத்தும். சீராகப் படிந்தால் சிறிது காலம் காப்பாற்றும். உடைந்து உதிர்ந்தால், படிவுக்கும் வெற்று எஃகுக்கும் நடுவே ஒரு பேட்டரி உண்டாகி எஃகு கரையும்.

மூன்றாவதுதான் என்னை அதிகம் வியக்க வைப்பது. 2004-ல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் கடல் அடிச்சேற்றிலிருந்து சில எஸ்.ஆர்.பி. இனங்களைப் பிரித்தெடுத்தார்கள். இரும்பைத் தவிர வேறு எலக்ட்ரான் மூலம் எதுவும் கொடுக்காமல் வளர்த்ததில், ஹைட்ரஜனை நம்பி வாழும் வழக்கமான இனங்களைவிட அவை இரும்பை மிக வேகமாக அரித்தன. இடையில் ஹைட்ரஜன் என்ற தரகர் இல்லாமல், எஃகிலிருந்து எலக்ட்ரானை நேராக உறிஞ்சிக்கொள்கின்றன என்பதுதான் அதற்குக் கிடைத்த விளக்கம். அவற்றில் ஒன்றின் பெயரே டெசல்ஃபோவிப்ரியோ ஃபெரோஃபிலஸ். ஃபெரோஃபிலஸ் என்றால் இரும்பு விரும்பி. எல்லா எஸ்.ஆர்.பி.யும் இப்படிச் செய்வதில்லை. ஆகவே மாதிரியில் எத்தனை பாக்டீரியா இருக்கிறது என்பதோடு, எது இருக்கிறது என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது.

எப்படிப்பட்ட மண் ஆபத்தானது?

நீர் தேங்கும் களிமண், சதுப்பு, உப்பங்கழி ஓரம், மக்கிய தழையும் வேரும் கலந்த வண்டல். ஈரம், சல்ஃபேட், பாக்டீரியாவுக்குச் சாப்பாடாகக் கொஞ்சம் கரிமப் பொருள், காற்றில்லாமை ஆகிய நாலும் சேர்ந்தால் போதும். மண்ணின் ரெடாக்ஸ் மின்னழுத்தம், அதாவது மண் எவ்வளவு தூரம் ஆக்சிஜனேற்றும் நிலையில் இருக்கிறது என்பதைக் காட்டும் எண், ஒரு நல்ல அளவுகோல். 1940-களில் வகுத்த, இன்றும் புழங்கும் வரம்பு இது: 100 மில்லிவோல்ட்டுக்குக் கீழே என்றால் கடும் ஆபத்து, 100 முதல் 200 வரை நடுத்தரம், 200 முதல் 400 வரை லேசானது, 400-க்கு மேல் இந்த வகை அரிப்புக்கு வாய்ப்பில்லை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். மழைக்காலத்தில் நீர் தேங்கி, கோடையில் வெடித்துக் கிடக்கும் நிலம், வருடம் முழுக்க ஒரே மாதிரி ஈரமாக இருக்கும் நிலத்தைவிட மோசமாக இருக்கலாம். ஈரக் காலத்தில் சல்ஃபைடு படிகிறது. காய்ந்து வெடித்த மண் வழியாக ஆக்சிஜன் இறங்கியதும் அந்தச் சல்ஃபைடே கந்தகமாகவும் வேறு கடும் அரிப்பான்களாகவும் மாறுகிறது. மண் பரிசோதனையைக் கோடையில் ஒருமுறை மட்டும் செய்துவிட்டு அறிக்கை எழுதுவது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து.

குழாய்க்குத்தான் மேலே பூச்சு இருக்கிறதே?

பூச்சு எஃகோடு ஒட்டியிருக்கும் வரை கவலை இல்லை. சிக்கல், பூச்சு கிழியாமலே விட்டுப்போகும்போதுதான். முன்பெல்லாம் பாலிஎத்திலீன் டேப்பைச் சுற்றிப் புதைப்பார்கள். மண்ணின் இழுவையில் டேப் சுருங்கி, எஃகுக்கும் டேப்புக்கும் நடுவே பை மாதிரி இடைவெளி விழும். வெல்டு மேடு ஓடும் இடத்தில் டேப் கூடாரம் அடித்தமாதிரி நிற்கும். அதற்குள் நிலத்தடி நீர் புகுந்து தேங்கும். வெளிச்சமில்லை, காற்றில்லை, ஓட்டமில்லை. டேப்பின் பசையே சில பாக்டீரியாவுக்கு உணவு. கனடாவில் பழைய டேப் சுற்றிய எரிவாயுக் குழாய்களைத் தோண்டி ஆராய்ந்தபோது, விட்டுப்போன டேப்புக்கு அடியில் இதே நிலைமைதான் கிடைத்தது.

எபாக்ஸித் தூளைச் சூட்டில் உருக்கி ஒட்டும் பூச்சு எஃகை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். ஒருவேளை விட்டுப்போனாலும், வெளியிலிருந்து கொடுக்கும் பாதுகாப்பு மின்னோட்டத்தை அது முழுமையாக மறைப்பதில்லை. டேப் மறைத்துவிடும். எபாக்ஸிக்கு மேல் பாலிஎத்திலீன் போர்த்தும் மூன்றடுக்குப் பூச்சில் குழாயின் உடல் முழுவதும் நன்றாகவே வரும். ஆனால் தளத்தில் வெல்டு போட்டபின் மூட்டின் மேல் சுற்றும் ஸ்லீவ் என்ற உறைதான் சோதனை. சூடு போதாமல் ஒட்டிய ஸ்லீவ், பழைய டேப்பின் கதையைத் திரும்பச் சொல்லும்.

கேத்தோடிக் பாதுகாப்பு, அதாவது அந்தப் பாதுகாப்பு மின்னோட்டம், கொடுத்தால் பாக்டீரியா செத்துப்போகாதா?

சாகாது. அந்த மின்னோட்டத்தின் வேலை குழாய்க்கு எலக்ட்ரானை ஊட்டி, இரும்பு கரையத் தேவையில்லாமல் செய்வது. காப்பர்–காப்பர் சல்ஃபேட் மின்முனையை வைத்துக் குழாயின் மின்னழுத்தத்தை அளந்தால், சாதாரண மண்ணில் மைனஸ் 850 மில்லிவோல்ட் போதும் என்பது நடைமுறை. எஸ்.ஆர்.பி. வாழும் காற்றில்லா மண்ணில் மைனஸ் 950 வேண்டும். இந்தக் கூடுதல் 100 மில்லிவோல்ட்டை மறந்துவிட்டு 'ரீடிங் சரியாக இருக்கிறது' என்று எழுதிவைத்த ஏடுகள் நிறைய.

அதற்காகத் தாராளமாக ஏற்றிவிடவும் முடியாது. மைனஸ் 1200-ஐத் தாண்டினால் எஃகின் மேல் ஹைட்ரஜன் கிளம்பிப் பூச்சைத் தூக்கிவிடும். உறுதி கூடிய எஃகில் நொறுங்கும் தன்மையும் வரலாம். விட்டுப்போன டேப்புக்கு அடியில் எவ்வளவு கொடுத்தாலும் போய்ச் சேராது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மேலே தரையில் வைத்துப் பார்க்கும் மீட்டர் அழகான எண்ணைக் காட்டிக்கொண்டே இருக்கும்.

இதெல்லாம் வெளிச்சுவர். குழாய்க்கு உள்ளேயும் நடக்குமா?

நடக்கும். உள்ளே நடப்பது உயிரையும் வாங்கியிருக்கிறது.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் கார்ல்ஸ்பாட் என்ற ஊர். பக்கத்தில் பெக்கோஸ் ஆறு. எல் பாசோ நேச்சுரல் கேஸ் நிறுவனத்தின் 30 அங்குல எரிவாயுக் குழாய் அங்கே ஆற்றைக் கடக்கிறது; 1950-ல் போட்டது. 2000 ஆகஸ்ட் 19, அதிகாலை 5:26. குழாய் வெடித்துத் தீப்பிடித்தது. வெடித்த இடத்திலிருந்து சுமார் 200 மீட்டர் தள்ளி, குழாய்ப் பாலத்தின் கீழே, மீன்பிடிக்க வந்து கூடாரமிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது ஒரு குடும்பம். குழந்தைகள் உட்பட 12 பேரும் மாண்டார்கள். 55 நிமிடம் எரிந்தது. தரையில் 113 அடி நீளப் பள்ளம்.

தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணையில், குழாயின் உள்பக்கம், அடிச்சுவரில், ஒன்றோடொன்று இணைந்த குழிகள் கிடைத்தன. ஓரிடத்தில் சுவரின் 72 சதவீதம் கரைந்துபோயிருந்தது. குழிப் படிவுகளில் எஸ்.ஆர்.பி.யும் அமிலம் சுரக்கும் பாக்டீரியாவும் இருந்தன; குளோரைடும் மிகுந்திருந்தது. குழாயில் தண்ணீர் இருந்ததும், அதில் கரைந்த கார்பன் டை ஆக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு, ஆக்சிஜன் ஆகியவையும், இவற்றோடு நுண்ணுயிர்களும் சேர்ந்து அரித்திருக்கின்றன என்ற முடிவுக்கு வாரியம் வந்தது.

நான் இந்த வழக்கைத் திரும்பத் திரும்பப் படிப்பதற்குக் காரணம் பாக்டீரியா அல்ல. குழாயோடு வரும் திரவத்தைப் பிடித்து வடிக்க முன்னால் ஒரு பொறி வைத்திருந்தார்கள். அது கரிய, எண்ணெய்ப் பிசுக்கான குப்பையால் பெருமளவு அடைத்துப்போயிருந்தது. ஆகவே திரவம் அதைத் தாண்டிப் போய், குழாய் தாழ்ந்து வளையும் இடத்தில் தேங்கியது. வெடித்தது அந்தத் தாழ்வில்தான். குழாய்க்குள் ஓடவிட்டுச் சுவரைச் சுத்தம் செய்யும் 'பிக்' என்ற கருவியை அந்தப் பகுதியில் ஓட்டவும் வழியில்லை. அரிப்பைத் தடுக்கவும் கண்டறியவும் நிறுவனத்தின் திட்டம் தவறிவிட்டது என்பதே வாரியத்தின் தீர்ப்பு. தண்ணீர் தேங்கவிட்ட இடத்தில் பாக்டீரியா வந்து குடியேறியது. ஐம்பது வருடக் குழாயில் அந்தத் தேக்கத்தை யாரும் சரிபார்க்காமல் விட்டதுதான் என் மனத்தை உறுத்துவது.

எரிவாயுக் குழாய்க்குள் தண்ணீர் எப்படி வரும்?

கிணற்றிலிருந்து வரும் வாயு நீராவியோடுதான் வரும். உலர்த்தி அனுப்ப வேண்டும். உலர்த்தும் அமைப்பு ஒருநாள் சரியாக வேலை செய்யாவிட்டால் ஈரவாயு உள்ளே போய், குளிர்ந்த இடத்தில் நீராகப் படியும். கம்ப்ரசர் எண்ணெய், வாயுவை உலர்த்தப் பயன்படும் கிளைகால் என்ற திரவம் ஆகியவையும் சேர்ந்து வரும். ஏற்ற இறக்கமான தரையில் பள்ளங்களில் இவை தங்கும். வாயு மேலே ஓடிக்கொண்டே இருக்கும், கீழே குட்டை அப்படியே நிற்கும்.

எண்ணெய்க் குழாயில்? எண்ணெய் எஃகைக் காப்பாற்றுமே.

வேகமாக ஓடினால் காப்பாற்றும். ஓட்டம் மந்தமானால் எண்ணெயில் கலந்த நீரும் மணலும் கீழே இறங்கிப் படியும். அலாஸ்காவின் புருடோ பே எண்ணெய் வயலில் 2006 மார்ச்சில் அதுதான் நடந்தது. பி.பி. நிறுவனம் இயக்கிய 34 அங்குலக் குழாயில் சிறு ஓட்டை. இரண்டு லட்சம் காலனுக்கு மேல் கச்சா எண்ணெய் பனிவெளியில் கசிந்தது. வயலின் உற்பத்தி குறைந்திருந்ததால் பெரிய குழாயில் எண்ணெய் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் குழாயில் 1998-க்குப் பிறகு பிக் ஓட்டவில்லை. அடிப்படிவின் கீழே நுண்ணுயிர் அரிப்பு நடந்திருக்கும் என்பதே பரவலாகச் சொல்லப்பட்ட காரணம்.

சுத்திகரித்த டீசலும் விலக்கல்ல. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-ல் திறக்கப்பட்ட நிலையம். அங்குள்ளவர்கள் வடமேற்கு இந்தியாவின் டீசல் குழாய் ஒன்றின் படிவுகளை ஆராய்ந்தபோது, டீசலைச் சிதைக்கும் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்கள். அதைவிட முக்கியம், அரிப்பைத் தடுக்க டீசலில் கலந்த தடுப்பானையே அந்தப் பாக்டீரியா உணவாக்கிக்கொண்டது. மருந்தை ஊற்ற ஊற்ற நோய் கொழுக்கிறது. தடுப்பானை வாங்குமுன் அது அரிப்பைத் தடுக்குமா என்று மட்டும் பார்த்தால் போதாது, குழாயில் இருக்கும் பாக்டீரியா அதைச் சாப்பிடுமா என்றும் பார்க்க வேண்டும் என்ற பாடம் அங்கிருந்து வந்தது.

புதுக் குழாய்க்கு இந்தக் கவலை இல்லைதானே?

புதுக் குழாய்க்குத்தான் முதல் விதை விழுகிறது. போட்டு முடித்ததும் ஹைட்ரோ டெஸ்ட் செய்வார்கள்: குழாய் முழுக்கத் தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிப் பார்ப்பது. தண்ணீர் பக்கத்து ஆறு, வாய்க்கால், ஆழ்துளைக் கிணறு, எங்கிருந்து கிடைக்கிறதோ அங்கிருந்து வரும். சோதனை ஒருநாளில் முடிந்துவிடும். ஆனால் அடுத்த பகுதி தயாராகவில்லை, நிலப் பிரச்சினை, பம்ப் வரவில்லை என்று அந்தத் தண்ணீர் மாதக்கணக்கில் உள்ளேயே கிடக்கும். குழாய் இயங்கத் தொடங்குமுன்பே குழி விழ இது போதும்.

தண்ணீரை வடிகட்டி நிரப்ப வேண்டும். நெடுநாள் வைக்க நேர்ந்தால் ஆக்சிஜனை நீக்கும் மருந்தும், நுண்ணுயிரைக் கொல்லும் மருந்தான பயோசைடும் கலக்க வேண்டும். முடிந்ததும் உடனே வெளியேற்றி, ஃபோம் பிக் ஓட்டித் துடைத்து, உலர்காற்று விட்டுக் காயவைக்க வேண்டும். செலவு பிடிக்கும் வேலைதான். பின்னால் குழாயை வெட்டி மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை.

தோண்டிப் பார்க்கும்போது பாக்டீரியா வேலை என்று எப்படி அடையாளம் காண்பது?

பூச்சைக் கிழித்ததும் ஈரமான கரிய பசை தெரியும், நாற்றமும் இருக்கும். காற்றுப்பட்டுக் கொஞ்ச நேரத்திலேயே அந்தக் கருமை பழுப்பாக மாறத் தொடங்கும். ஆகவே முதல் சில நிமிடங்கள்தான் பொன்னான நேரம்; படம் எடுப்பதும் மாதிரி எடுப்பதும் அப்போதே நடக்க வேண்டும். படிவில் ஒரு சொட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் அழுகிய முட்டை வாசம் கிளம்பும். லெட் அசெட்டேட் தாளைக் காட்டினால் கறுக்கும். சல்ஃபைடு இருக்கிறது என்று அர்த்தம்.

பள்ளத்துக்குள் குனிந்து மோந்து பார்க்க வேண்டாம். ஹைட்ரஜன் சல்ஃபைடு கொடிய வாயு. அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று நம்பி உள்ளே இறங்குபவர் மயங்கி விழுவார். வாயு மீட்டர் இல்லாமல் இறங்கவே கூடாது.

படிவைச் சுரண்டி எடுத்தபின் எஃகில் கிண்ணத்துக்குள் கிண்ணம் வைத்தமாதிரி குழிகளும், ஆலையில் எஃகை உருட்டிய திசையில் ஓடும் சன்னமான வரிகளும் தெரிந்தால் சந்தேகம் வலுக்கும். ஆனால் குழியின் வடிவத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. கார்பன் டை ஆக்சைடு அரிப்பும் இதேபோன்ற குழிகளைப் போடும்.

ஆய்வகம் 'எஸ்.ஆர்.பி. இருக்கிறது' என்று அறிக்கை கொடுத்துவிட்டது. முடிவாகிவிட்டதா?

இல்லை. எஸ்.ஆர்.பி. இல்லாத ஈரமண்ணைக் காட்டுவதுதான் கடினம். சம்பவ இடத்துக்குப் பக்கத்து வீட்டில் ஒருவர் குடியிருக்கிறார் என்பதால் அவரே திருடன் ஆகிவிட மாட்டார். குழிக்குள் எவ்வளவு, குழிக்கு வெளியே அதே மண்ணில் எவ்வளவு என்று ஒப்பிட வேண்டும். அரிப்பில் கிடைத்த சேர்மங்கள் பொருந்துகின்றனவா, குழி பொருந்துகிறதா, குழாயின் வரலாறு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு, வேறு மின் அமைப்புகளிலிருந்து மண்ணில் கசிந்து அலையும் மின்னோட்டம் ஆகியவற்றை ஒவ்வொன்றாக விலக்கியபின்தான் பேச வேண்டும்.

பழைய முறை பாட்டில் முறை: மாதிரியை ஊட்டக் கரைசலில் பத்தில் ஒன்றாக நீர்த்துக்கொண்டே பல பாட்டில்களில் வளர்ப்பது. எத்தனையாவது பாட்டில் வரை கறுக்கிறதோ அதைவைத்து எண்ணிக்கையை மதிப்பிடுவார்கள். 28 நாள் வரை காத்திருக்க வேண்டும். மண்ணிலும் படலத்திலும் இருப்பவற்றில் மிகச் சிறு பங்குதான் பாட்டிலில் வளரும் என்பது இதன் பெரிய குறை. இப்போது மரபணுவைப் பெருக்கி எண்ணும் முறை வந்துவிட்டது. வளராதவையும் கணக்கில் வரும். மெத்தனோஜென்களில், அரிப்போடு நேரடித் தொடர்புள்ள ஹைட்ரோஜனேஸ் என்சைமின் மரபணு இருக்கிறதா என்று தேடும் அளவுக்குப் போயிருக்கிறார்கள். எந்த முறையானாலும், ஓடும் திரவத்தில் எடுத்த மாதிரி படலத்தில் இருப்பதைச் சொல்லாது. சுவரிலிருந்து சுரண்டியது வேண்டும். அல்லது குழாய்க்குள் செருகிவைத்து எடுக்கும் 'கூப்பன்' என்ற சிறு உலோகத் துண்டு வேண்டும்.

பயோசைடு ஊற்றினால் தீர்ந்துவிடுமா?

குளூட்டரால்டிஹைடு, டி.எச்.பி.எஸ்., குவாட்டர்னரி அம்மோனியம் சேர்மங்கள் ஆகியவை வழக்கமாகப் புழங்குபவை. நீந்தித் திரியும் பாக்டீரியாவை இவை நன்றாகக் கொல்லும். படலத்துக்குள் இருப்பவற்றைக் கொல்லப் பலமடங்கு அதிகம் தேவைப்படும். ஆகவே முதலில் பிரஷ் பிக் ஓட்டிப் படிவைச் சுரண்டி, பிறகு மருந்தை ஒரே வீச்சில் அடர்த்தியாக விட வேண்டும். தினமும் சொட்டுச் சொட்டாக விடுவது தாங்கிப் பழகியவற்றை வளர்த்துவிடும். பாக்டீரியா செத்தாலும், அதன் இரும்பு சல்ஃபைடு படிவு சுவரில் ஒட்டியிருந்தால் அரிப்பு தொடரும். எனக்குக் கேட்டால், மருந்துக்குச் செலவிடும் பணத்தில் பாதியைப் பிக் ஓட்டுவதற்கு ஒதுக்குங்கள் என்பேன்.

வட கடலின் சில எண்ணெய் வயல்களில் வேறு வழியைக் கையாண்டார்கள். எண்ணெயை வெளியே தள்ள நிலத்தடியில் செலுத்தும் நீரில் நைட்ரேட்டைக் கலந்தார்கள். நைட்ரேட்டைப் பயன்படுத்தும் பாக்டீரியா பெருகி, எஸ்.ஆர்.பி.யின் உணவைப் பிடுங்கிக்கொண்டது; சல்ஃபைடு குறைந்தது. பயிரில் பூச்சியைப் பூச்சியாலேயே அடக்குவது போன்ற முறை.

எவ்வளவு வேகமாக அரிக்கும்?

சாதகமான சூழலில் ஆண்டுக்கு 1 மில்லிமீட்டரை நெருங்கும் வேகம் அளக்கப்பட்டிருக்கிறது. கார்ல்ஸ்பாட் குழாயின் சுவர் சுமார் 8.5 மில்லிமீட்டர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும். சராசரியைச் சொல்லி ஆறுதல் அடைய முடியாது. குழாயை ஓட்டையாக்குவது ஆழமான ஒரே ஒரு குழி.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டால்?

நெடுந்தூரக் குழாய்க்குக் கட்டுப்படியாகாது. அதோடு, வெல்டு ஓரங்களில் அதிலும் பாக்டீரியா துணையோடு ஊசித்துளை விழுகிறது. நகர எரிவாயுவுக்கும் குடிநீருக்கும் அழுத்தம் குறைவான இடங்களில் பாலிஎத்திலீன் குழாய் நல்ல மாற்று.

செங்குத்தாக இறங்கும் கிணற்றுக் குழாய்க்கும் இது வருமா?

வரும். கலிஃபோர்னியாவின் அலிசோ கேன்யன் நிலத்தடி எரிவாயுச் சேமிப்புக் களத்தில், 1950-களில் தோண்டிய ஒரு கிணறு 2015 அக்டோபர் 23 அன்று கசியத் தொடங்கியது. அடுத்த பிப்ரவரியில்தான் அடைக்க முடிந்தது. அதற்குள் ஏறக்குறைய ஒரு லட்சம் டன் மீத்தேன் காற்றில் கலந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீட்டைவிட்டு இடம்பெயர்ந்தன. 2019-ல் வெளியான மூலகாரண ஆய்வு, நிலத்தடி நீர் பட்ட உறைக்குழாயின் வெளிச்சுவரை நுண்ணுயிர்கள் அரித்திருந்தன என்றது.

குழாய்ப் பாதையோரம் நிலம் வைத்திருக்கிறோம். நாங்கள் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

உண்டு. வயலோரம் இடைவெளி விட்டு நட்டிருக்கும் சிறு கம்பங்களைப் பார்த்திருப்பீர்கள். சிலவற்றில் பெட்டி இருக்கும், அதற்குள் கம்பிகள் இருக்கும். மேலே சொன்ன மைனஸ் 850, மைனஸ் 950 கணக்கை எடுப்பது அந்தப் பெட்டியில்தான். டிராக்டர் இடித்துச் சாய்ந்திருந்தாலோ, கம்பி அறுந்து தொங்கினாலோ, அந்தப் பகுதியில் குழாய்க்குப் பாதுகாப்பு கிடைக்கிறதா என்று பார்க்க வழியில்லாமல் போகும். கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்கள். பாதையின் மேல் காரணமில்லாமல் பயிர் கருகினாலும், தேங்கிய நீரில் குமிழி கிளம்பினாலும், எண்ணெய்ப் படலம் மிதந்தாலும் விலகி நின்று அதே எண்ணுக்குச் சொல்லுங்கள். போர் போடுவதற்கும் பள்ளம் தோண்டுவதற்கும் முன்னாலும் அவர்களை வரவழையுங்கள். மண்வெட்டியோ பொக்லைனோ பூச்சைக் கீறிவிட்டால் மறைக்காமல் உடனே சொல்லிவிடுங்கள். அன்றைக்கே ஒட்டுப்போட்டு மூடிவிடலாம்.